கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகக் கற்றுக்கொடுப்போம்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளையை உயர்தரம் வரை படிக்க வைத்துவிட்டு "அடுத்தது என்ன" என்று யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோர் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றேன். டிக்கோயா பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்யும் ஒருவர் என்னைக் கண்டதும் அருகில் வந்தார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். முகத்தில் சந்தோஷம் பாதி, கவலை பாதி.

"டீச்சர், பையனுக்கு கெம்பஸ் கெடச்சிருச்சு. என்னா படிக்கப் போறன்னு கேட்டா ஹேக்கிங் படிக்கணும்ங்கிறான். போன்ல காசு திருடுறாங்களே, அந்த ஹேக்கிங்தானே? அதையா கெம்பஸ்ல சொல்லிக் குடுக்குறாங்க? லயத்துல எல்லாரும் கேலி பண்றாங்க, 'ஒம் மகன் திருடப் படிக்கப் போறானாமே'ன்னு. நான் என்னா பதில் சொல்றது?"

பஸ் வந்துவிட்டது. "நல்ல படிப்புத்தான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு ஏறினேன். வீடு வரும் வரை மனம் உறுத்தியது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்னது ஆறுதல், பதில் இல்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பல்கலைக்கழக விரிவுரையாளர் கிடையாது. ஆசிரியர் கலாசாலையில் பயின்று, சாதாரண தர வகுப்புகளுக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் சாதாரண பாடசாலை ஆசிரியை. ஆனால் கெம்பஸ் போகும் பிள்ளைகள் முதலில் எங்கள் வகுப்பில்தான் கணினியைத் தொடுகிறார்கள். ஆகவே இதில் எனக்கும் பொறுப்பிருக்கிறது.

அந்தத் தந்தை பயப்படும் பாடத்தின் பெயர் "எத்திக்கல் ஹேக்கிங்". அதன் முக்கியமான பகுதி ஊடுருவல் சோதனை. நம் ஊர் வழக்கில் சொன்னால், மழைக்கு முன் கூரை பார்ப்பது. லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். பெருமழை தொடங்குவதற்கு முன் ஒரு நாள், கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் நின்று மேலே பார்ப்போம். எந்த ஆணி ஓட்டையால் வெளிச்சம் வருகிறதோ அந்த வழியாக நாளைக்குத் தண்ணீர் வரும். அந்த இடத்தை அடையாளம் வைத்துத் தார் பூசுவோம். ஊடுருவல் சோதனை செய்பவரின் வேலையும் அதுதான். திருடன் வருவதற்கு முன், திருடன் வரக்கூடிய வழிகளையெல்லாம் தானே முயன்று பார்த்து, "இங்கே ஓட்டை இருக்கிறது, இப்படி அடையுங்கள்" என்று உரிமையாளரிடம் எழுதிக் கொடுப்பது.

இதற்கு ஒழுங்கான படிமுறை உண்டு. நிறுவனம் எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். எந்தக் கணினிகளைச் சோதிக்கலாம், எவற்றைத் தொடக்கூடாது, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, ஏதாவது பழுதானால் யாருக்கு அழைப்பது என்று எல்லாமே அந்த ஆவணத்தில் இருக்கும். அதன் பிறகுதான் தகவல் திரட்டுவதும், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்ப்பதும், உள்ளே நுழைய முயல்வதும். கடைசியில் அறிக்கை. ஓட்டையை அடைத்த பின் மறுபடியும் ஒரு சோதனை. கண்டதை வெளியே பேசக்கூடாது என்ற உறுதிமொழியும் உண்டு.

திருடனும் சோதனையாளனும் பாவிக்கும் மென்பொருள் பெரும்பாலும் ஒன்றேதான். இருவரையும் பிரிப்பது அந்த அனுமதிக் கடிதம்.

இது நமக்குப் புதிய விசயமா? சிறு வயதில் மத்ரஸாவில் எங்களுக்குக் கற்றுத் தந்த முதல் ஒழுக்கங்களில் ஒன்று, அடுத்தவர் வீட்டுக்குப் போனால் ஸலாம் சொல்லி அனுமதி கேட்க வேண்டும் என்பது. மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பி வந்துவிட வேண்டும். கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பதும் கூடாது. பார்வைக்கும் அனுமதி வேண்டும். லயத்திலும் அப்படித்தானே? காம்பராக் கதவு நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஆனாலும் வாசலில் நின்று "அக்கா இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் காலை உள்ளே வைப்போம். கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வரச் சொல்வது வேறு. இந்த வித்தியாசம் புரிந்த பிள்ளைக்கு எத்திக்கல் ஹேக்கிங்கின் முதல் பாடம் ஏற்கனவே தெரியும்.

நாட்டுச் சட்டமும் இதையேதான் சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தனக்கு அதிகாரம் இல்லை என்று தெரிந்துகொண்டு ஒரு கணினிக்குள்ளோ அதிலுள்ள தகவலுக்குள்ளோ நுழைய முனைவதே குற்றம். ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை. "நல்லதுக்காகத்தான் பார்த்தேன்" என்று சொன்னால் விட்டுவிடும் சட்டமும் இல்லை இது.

இனி இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். இருவருக்கும் அப்போது வயது 17.

ஒருவன் கடுகண்ணாவையைச் சேர்ந்தவன். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போனால் பேராதனை தாண்டியதும் வருமே, அதே ஊர். 2016 ஓகஸ்ட் மாதம் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் உத்தியோகபூர்வ இணையத்தளம் ஊடுருவப்பட்டது. முகப்பில் ஒரு செய்தி. உயர்தரப் பரீட்சையை ஏப்ரல் மாதத்தில் நடத்தும் முடிவைக் கைவிடுங்கள், பல்கலைக்கழக மாணவர்களின் பிரச்சினைகளைக் கவனியுங்கள், நாட்டின் இணையத்தளங்களின் பாதுகாப்பைப் பாருங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தது. சில நாட்களில் அந்தப் பாடசாலை மாணவன் கைதானான். உலகச் செய்திகளிலெல்லாம் வந்தது. பலர் சிரித்தார்கள், பலர் "கெட்டிக்காரப் பையன்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏப்ரலில் புத்தாண்டுக் காலத்தில் பரீட்சை வேண்டாம் என்பது எந்தப் பாடசாலைப் பிள்ளையும் சொல்லக்கூடிய மனக்குறை. பாதுகாப்பைக் கவனியுங்கள் என்றதும் உண்மை. அவன் சொன்ன விசயம் சரி, போன வழி குற்றம். அந்த வயதில் ஒரு பெரியவர் அவன் பக்கத்தில் இருந்து "இப்படிச் செய்யாதே, இந்த வழியாகப் போ" என்று சொல்லியிருந்தால்?

மற்றவன் சென்னை, தாம்பரம் பக்கம். 2021இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். இந்திய ரயில்வேயின் பயணச்சீட்டு பதிவு செய்யும் இணையத்தளத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது ஒரு குறை கண்ணில் பட்டது. தன் பதிவின் எண்ணை மாற்றினால் வேறொருவரின் பயண விபரம் வருகிறது. பெயர், வயது, எந்த ரயில், எந்த நாள். அடுத்தவரின் சீட்டை ரத்துச் செய்யக்கூட வழி இருந்தது. அவன் எதையும் ரத்துச் செய்யவில்லை, நண்பர்களுக்குப் படம் பிடித்து அனுப்பவில்லை. ஓகஸ்ட் 30ஆம் திகதி இந்தியாவின் கணினி அவசர நிலைக் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினான். ஒரு வாரத்துக்குள் ஓட்டை அடைக்கப்பட்டது. பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

இந்த இருவரையும் பிரித்தது அறிவு இல்லை. கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது என்ற பழக்கம். ஒருவன் கதவைத் தள்ளினான். மற்றவன் நின்று, வீட்டுக்காரரைக் கூப்பிட்டான். சென்னைப் பையனும் சட்டத்தின் ஓரத்தில்தான் நின்றான் என்பதை மறைக்கத் தேவையில்லை. அவன் செய்தது போல எல்லோரும் எண்ணை மாற்றிப் பாருங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் தற்செயலாகக் கண்டுவிட்டால், அதற்கு மேல் ஒரு அடியும் வைக்காமல் உரியவரிடம் சொல்ல வேண்டும். அதை யாராவது கற்றுக்கொடுத்தால்தானே தெரியும்?

இப்போது என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

பஸ் நிலையத்தில் சந்தித்த அந்தத் தந்தையின் மகன் என் வகுப்பில் இருந்த காலம். ஒரு நாள் இடைவேளையில் வந்து, "டீச்சர், ஒன்னு காட்டவா?" என்றான். மாணவர்கள் விண்ணப்பிக்கும் ஒரு நிறுவனத்தின் இணையத்தளம். எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். தன் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது மேலே முகவரியில் ஒரு எண் வந்திருக்கிறது. தட்டச்சில் கை தவறி ஒரு இலக்கம் மாறியதும் வேறு பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, வீட்டு விலாசம் எல்லாம் வந்துவிட்டது. தாம்பரம் மாணவன் கண்ட அதே வகைக் குறைதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பயந்துபோனேன். "மூடு அதை. யாருக்கும் சொல்லாதே. உனக்கு ஏன் இந்த வேலை? பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்று ஏசினேன். அவன் முகம் சுருங்கியது. அந்த நிறுவனத்துக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதவில்லை. ஆசிரியை எழுதினால் "நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?" என்று என்னையே கேட்பார்களோ என்ற பயம். அந்த ஓட்டை எத்தனை நாள் திறந்து கிடந்ததோ, அல்லாஹ்தான் அறிவான். எத்தனை பெண் பிள்ளைகளின் விலாசம் அதில் இருந்ததோ.

சில மாதங்கள் கழித்து அவன் சொன்னான்: "டீச்சர், நீங்க சொன்ன மாதிரி நான் யாருக்கும் சொல்லல." அதைப் பெருமையாகச் சொன்னான். அன்றைக்கு நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்த பாடம், தப்பைக் கண்டால் வாயை மூடு என்பது. எந்தக் கலாசாலையிலும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. நானாகவே செய்த பிழை.

அவன் ஊடுருவல் சோதனை படிக்கப் போகிறான் என்று கேட்டதும் எனக்கு உண்மையில் வந்தது நிம்மதி. நான் கொடுக்கத் தவறியதை அங்கே யாராவது கொடுப்பார்கள்.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. அது நம்மைப் பற்றியது.

2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. கூகிள் டொட் எல்கே உட்பட இலங்கையின் சில இணைய முகவரிகளுக்குப் போனவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். அந்தப் பக்கத்தில் இருந்த விசயங்களில் ஒன்று தேயிலைத் தோட்டப் பிரச்சினை. ஊடக சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினர் பிரச்சினைகளும் இருந்தன. அதற்கு முதல் நாள்தான் ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு மலையகம் வேலைநிறுத்தம் செய்திருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கத்தின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "டீச்சர், ஹேக்கர்மார் நமக்காகப் பேசியிருக்காங்க!" என்று துள்ளினார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒரு கணம் நெஞ்சு சூடேறியது. நம்மைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

நடந்தது என்னவென்றால், கூகிள் நிறுவனத்தின் கணினிக்குள் யாரும் போகவில்லை. எல்கே என்று முடியும் முகவரிகளைப் பதிவு செய்யும் இடத்தில் வழிகாட்டிப் பலகை திருப்பப்பட்டது. ஹட்டன் சந்தியில் நுவரெலியா என்ற பலகையை யாரோ இரவோடு இரவாகக் கொழும்புப் பக்கம் திருப்பி வைத்தால் எப்படி இருக்கும்? நுவரெலியா அதே இடத்தில்தான் இருக்கும், பயணிகள்தான் வேறெங்கோ போய்ச் சேருவார்கள். அது போலத்தான். சீக்கிரமே சரிசெய்துவிட்டார்கள்.

பிள்ளைகளிடம் நான் கேட்ட கேள்வி இது. அன்றைக்குப் பலகையைத் திருப்பியவர் நம் சம்பளத்தைப் பேசினார். நாளைக்கு அதே பலகையை ஒரு திருடன் திருப்பி, வங்கியின் பக்கம் போலப் போலிப் பக்கத்துக்கு உங்கள் அம்மாவை அனுப்பினால்? பலகை திரும்பும் என்று தெரிந்த ஊரில் யாருக்கும் நிம்மதி இல்லை. ஆயிரம் ரூபா அந்தப் பக்கத்தால் வரவும் இல்லை. மழையில் நின்று கொழுந்து பறிப்பவர்கள் வேலையை நிறுத்தியதாலும், தொழிற்சங்கங்கள் பேசியதாலும், சம்பள நிர்ணய சபை ஊடாக அடுத்த மாதம் 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா கொடுப்பனவுமாக வர்த்தமானியில் வந்தது. அதைக் கையில் வாங்குவதற்கு நாள் பேர், கிலோக் கணக்கு என்று பட்ட பாடு வேறு கதை. நம் நியாயத்தைச் சொல்ல அடுத்தவர் வீட்டுக் கதவை உடைக்கத் தேவையில்லை. உடைத்தால் மறுநாள் பேச்சு கதவைப் பற்றித்தான் இருக்கும், நியாயத்தைப் பற்றி இருக்காது.

சரி, இந்தப் படிப்பு நாட்டுக்கு ஏன் தேவை?

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவையில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வகை. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அந்த நாள் வரையான மின்னஞ்சல்கள் தொலைந்தன. காரணம் என்ன? மென்பொருள் பழையது. அந்த மூன்று மாதத்துக்கு மேலான காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பிரதியும் இல்லை. ஓர் ஊடுருவல் சோதனையாளன் முதல் நாளிலேயே எழுதித் தந்திருக்கக்கூடிய இரண்டு வரிகள் இவை.

அதற்கு முன் 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிக் கொள்ளை. நியூயோர்க்கில் இருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட நூறு கோடி டொலரை எடுக்கப் போலிக் கட்டளைகள் போயின. 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு வந்தது. பெயரில் "ஃபவுண்டேஷன்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் பிழையாக எழுதியிருந்ததால் இடையில் இருந்த வங்கிக்குச் சந்தேகம் வந்து, அந்தப் பணம் நின்றது. எழுத்துப் பிழைக்குப் புள்ளி வெட்டும் எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் ஒரு நாட்டின் பணம் திருடனின் எழுத்துப் பிழையை நம்பி இருக்கலாமா?

பெரிய கதைகளை விடுங்கள். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய், கொழுந்து பறிப்பவர், பிள்ளையின் படிப்புக்கென்று சேர்த்த 48,000 ரூபாவை ஒரு தொலைபேசி அழைப்பில் இழந்தார். "உதவிப் பணம் வந்திருக்கிறது, போனுக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்" என்றானாம். தமிழிலேயே, அம்மா என்று கூப்பிட்டுப் பேசினானாம். முறைப்பாடு செய்யப் போன இடங்களில் அவருக்குக் கிடைத்தது அலைச்சல். திருடர்கள் நம் மொழியில் பேசக் கற்றுவிட்டார்கள். நம்மைக் காப்பவர்களில் நம் மொழி பேசுபவர்கள் எத்தனை பேர்? நம் லயத்திலிருந்து ஒரு பிள்ளை இந்தத் துறைக்குப் போவது இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

"ஆனாலும் டீச்சர், வறுமையில் இருக்கும் பிள்ளையின் கையில் பூட்டுத் திறக்கும் வித்தையைக் கொடுப்பது ஆபத்தில்லையா?" என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். மரியாதையான கேள்வி. உலகத்திலும் கேட்டிருக்கிறார்கள். 2003இல் கனடாவின் கல்கரி பல்கலைக்கழகம் கணினி வைரஸ் பற்றிய பாடமொன்றை அறிவித்து, மாணவர்கள் வைரஸ் எழுதியும் பார்ப்பார்கள் என்றபோது, வைரஸ் தடுப்பு நிறுவனங்களே எதிர்த்தன. பல்கலைக்கழகம் வெளி இணையத்தோடு தொடர்பில்லாத தனி ஆய்வுகூடத்தில் அதை நடத்தியது. 2006இல் ஸ்கொட்லாந்தின் அபர்டே பல்கலைக்கழகம் எத்திக்கல் ஹேக்கிங் என்ற பெயரிலேயே பட்டப்படிப்பைத் தொடங்கியது. இன்று இலங்கையிலும் இணையப் பாதுகாப்புப் பட்டப்படிப்புகள் உண்டு.

என் பதில் இதுதான். நாம் கற்றுக்கொடுக்காவிட்டால் பிள்ளைகள் கற்காமல் விடப் போவதில்லை. யூடியூப்பிலும் டெலிகிராமிலும் வித்தை மட்டும் கிடைக்கிறது. அங்கே அனுமதிக் கடிதம் பற்றி யாரும் பேசுவதில்லை, 3ஆம் பிரிவைப் பற்றிப் பேசுவதில்லை. வித்தையோடு அடக்கத்தையும் சேர்த்துத் தரக்கூடிய இடம் வகுப்பறைதான்.

இன்னொன்றும் உண்டு. நல்ல பல்கலைக்கழகத்தில் படித்தாலே போதும் என்றும் இல்லை. 1988 நவம்பர் 2ஆம் திகதி அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின்படிப்பு மாணவர் ரொபர்ட் மொரிஸ் ஒரு நிரலை இணையத்தில் விட்டார். நாசம் செய்வது தன் எண்ணமில்லை என்றார். ஆனால் நிரலில் இருந்த பிழையால் அது கட்டுக்கடங்காமல் பெருகி, ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. நீதிமன்றம் மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேர சமூக சேவையும், 10,050 டொலர் தண்டமும் விதித்தது. பிற்பாடு அவர் எம்ஐடியில் பேராசிரியரானார். தண்டனையும் கொடுத்தார்கள், ஆளைத் தொலைத்தும் விடவில்லை. இரண்டும் நமக்குப் பாடம்.

ஆகவே பல்கலைக்கழகங்களிடமும் கேட்க இருக்கிறது.

முதல் வாரத்திலேயே சட்டத்தைப் படிப்பியுங்கள். கடைசி விரிவுரையில் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகும் விசயமில்லை அது. சட்டத்தை மாணவனின் தாய்மொழியிலும் விளங்கப்படுத்துங்கள்.

பயிற்சியை மூடிய ஆய்வுகூடத்தில் வையுங்கள். இதற்கென்றே வேண்டுமென்று பலவீனமாகச் செய்யப்பட்ட பயிற்சித் தளங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாணவன் தன் மடிக்கணினிக்குள்ளேயே இரண்டு மூன்று போலிக் கணினிகளை உருவாக்கி, தன்னைத்தானே தாக்கிப் பழகலாம். மடிக்கணினி வாங்க முடியாத பிள்ளைக்கு ஆய்வுகூடத்தை மாலையிலும் திறந்து வையுங்கள்.

அறிக்கை எழுதப் பழக்குங்கள். ஓட்டையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதைப் பதற்றமில்லாமல், மரியாதையாக, உரியவருக்கு விளங்கும்படி எழுதுவது மறுபாதி. ஆகக் குறைந்தது புள்ளியில் பாதியை அதற்குக் கொடுங்கள்.

அரசாங்கத் திணைக்களங்கள், வங்கிகள், பாடசாலைத் தளங்கள் நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். ஓட்டையைக் கண்டவன் தட்டுவதற்கு ஒரு கதவு வையுங்கள். "குறை கண்டால் இங்கே அறிவியுங்கள், நல்லெண்ணத்தில் அறிவிப்பவர் மீது நடவடிக்கை எடுக்க மாட்டோம்" என்று உங்கள் தளத்தில் இரண்டு வரி எழுதுவதற்கு என்ன செலவு? 2006இல் தொடங்கப்பட்ட இலங்கை கணினி அவசர நிலைப் பதிலளிப்புக் குழு, அதாவது சேர்ட், நம் நாட்டில் இருக்கிறது. இப்படியொன்று இருப்பதே நம் பாடசாலைகளில் எத்தனை ஆசிரியருக்குத் தெரியும்? அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பையனை ஏசாமல், இருவருமாக உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதியிருப்போம்.

வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்கள் அறிவிப்பவருக்குச் சன்மானமே கொடுக்கின்றன. சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மன் முத்தையா என்ற பாதுகாப்பு ஆய்வாளர், யாருடைய புகைப்படத் தொகுப்பையும் அழித்துவிடக்கூடிய ஒரு குறையை 2015இல் பேஸ்புக்குக்குத் தெரிவித்தார். அவர்கள் 12,500 டொலர் கொடுத்தார்கள். நம்மைப் போலத் தமிழ் பேசுபவர், அறிவித்ததற்காகப் பெற்ற பணம் அது. ஹலாலான உழைப்பு.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "மூன்று மாதத்தில் ஹேக்கர் ஆகலாம், மாதம் இலட்சக்கணக்கில் உழைக்கலாம்" என்று விளம்பரம் செய்யும் கோர்ஸ்களுக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். வலையமைப்பும் லினக்ஸும் அடிப்படையிலிருந்து படிப்பிப்பீர்களா? செய்முறைக்கு ஆய்வுகூடம் உண்டா? சட்டம் படிப்பிப்பீர்களா? இந்தச் சான்றிதழை யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? பதில் தடுமாறினால் திரும்பி வந்துவிடுங்கள். பூட்டு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாதவன் அதைச் சோதிக்க முடியாது. இது வருடக்கணக்கில் பொறுமையாகப் படிக்கும் படிப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தந்தையின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று குரல் கொடுத்து, அழைத்த பிறகுதான் உள்ளே போனேன். தேத்தண்ணி வந்தது. மேலே எழுதியதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பையன் முன்னாலேயே அன்றைக்கு அவனை ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டு வெளியே போய்விட்டான்.

தந்தை கூரையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "வெளங்குது டீச்சர். கடிதாசி இருந்தா வேலை, இல்லாட்டி திருட்டு. ஆனா அந்தக் கடிதாசிய எங்க புள்ளைக்கு யாரு குடுப்பா? லயன் விலாசத்தப் பாத்துட்டு பேங்க்காரன் பூட்டு பாக்கக் கூப்பிடுவானா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒரு பகுதி நம் கையில் இருக்கிறது. கொழும்பில், கண்டியில், வெளிநாட்டில் இந்தத் துறையில் வேலை செய்யும் மலையகப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் இருக்கிறீர்கள். இதை வாசித்தால், வருடத்துக்கு ஒரு மாணவனுக்காவது பயிற்சி இடம் தேடிக் கொடுங்கள். விடுமுறையில் ஊருக்கு வந்தால் நம் பாடசாலைகளில் ஒரு மணி நேரம் பேசுங்கள். நம்பிக்கை என்பது யாராவது ஒருவர் "எனக்கு இவனைத் தெரியும்" என்று சொல்வதில்தான் தொடங்குகிறது.

ஊரவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பையனைக் கேலி செய்யாதீர்கள். பத்து வயதிலிருந்து திருடன் திருடன் என்று கூப்பிட்டு வளர்த்த பிள்ளை ஒரு நாள் அப்படியே ஆகிவிடலாம். "எங்கள் லயத்துக் காவல்காரன்" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அடுத்த தவணையிலிருந்து என் வகுப்பில், கணினியைத் திறப்பதற்கு முன் முதல் பாடம் இதுதான்: தட்டாமல் உள்ளே போகாதே. தற்செயலாகக் கண்டால் எட்டிப் பார்க்காதே. கண்டதை மறைக்காதே, என்னிடம் வா. இந்த முறை நான் ஏச மாட்டேன், இன்ஷா அல்லாஹ்.

பிழை இருந்தால் திருத்துங்கள். தேவையானவர்களுக்குப் பகிருங்கள்.